கூப்பிடு தூரம்: வாவிக்கு அக்கரையிற் குரல் சென்ற வரலாறு

மீன்பாடும் தேன்நாடு என்று எமது மட்டக்களப்பை உலகம் போற்றுகின்றது. பூரணை நாளின் இரவிலே, காற்று அடங்கிய வேளையிற் கல்லடிப் பாலத்தின் அயலில் ஓடத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு சேர்த்துக் கேட்பது எம் முன்னோர் கண்ட வழி. நீருக்குள் எழும் மெல்லிய இசை துடுப்பின் மரத்தினூடே ஏறிக் காதில் வந்து சேரும். 1848 ஆம் ஆண்டு இங்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் என்னும் ஆங்கிலேய உத்தியோகத்தர் இவ்வொலியைக் கேட்டு வியந்து, 1859 இல் வெளியிட்ட தமது இலங்கை வரலாற்று நூலிலே எழுதி வைத்தார். முத்தமிழ் வித்தகர் விபுலானந்த அடிகளும் இவ்விசையிலே நெஞ்சைப் பறிகொடுத்தவரே.

அன்பர்களே, சற்றுச் சிந்தியுங்கள். காதுக்கு எட்டாத ஒலியை ஒரு கோலின் வழியாகக் காதுக்குக் கொண்டு வந்த அத்துடுப்பு, எமது வாவியின் முதலாவது தொலைபேசி அன்றோ! விஞ்ஞானம் பின்னர் செய்தது யாது? துடுப்புக்குப் பதிலாகக் கம்பியை வைத்தது. பின் கம்பியையும் எடுத்துவிட்டு அலையை வைத்தது. ஆயினும் அந்தக் கம்பியும் அந்த அலையும் எல்லா வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தனவா என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

படுவானும் எழுவானும்

எமது வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. அவன் படும் பக்கத்துக் கரை படுவான்கரை. எழுவான்கரையில் நகரமும் கச்சேரியும் பெரிய வைத்தியசாலையும் கல்லூரிகளும் பெருந்தெருவும் அமைந்தன. படுவான்கரையிலே வயலும் காடும் குளமும் மாட்டுப் பட்டியும் அமைந்தன. எழுவான்கரைக்குச் சோறு போட்டது படுவான்கரை. ஆனால் படுவான்கரைக்கு ஓர் ஆபத்து வந்தால் அதனை எழுவான்கரைக்கு அறிவிக்க ஒரு வாவியைக் கடக்க வேண்டியிருந்தது.

துறைகளே அக்காலத்தில் எமது தொடர்பு நிலையங்கள். மண்முனைத் துறை, குருக்கள்மடம்–அம்பிளாந்துறைத் துறை, குருமண்வெளி–மண்டூர்த் துறை என்பன தலைமுறை தலைமுறையாக ஆளையும் நெல்லையும் சேதியையும் ஏற்றி இறக்கின. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எம்மவர் 'பாதை' என்றே அழைத்தனர். நீரின்மேல் மிதப்பதொன்றுக்குப் பாதை என்று பெயரிட்ட மக்களின் நிலைமையை அப்பெயரே சொல்லும். 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம் நகரையும் கடலோரக் கிராமங்களையும் இணைத்தது. மண்முனையிலோ பாலம் கட்டி முடிந்தது 2014 ஆம் ஆண்டிலேதான். இடையிற் கழிந்தவை தொண்ணூறு ஆண்டுகள்!

பழந்தமிழர் தூரத்தை அளந்த முறையிலே 'கூப்பிடு தூரம்' என்று ஓர் அளவு உண்டு. நான்கு கூப்பிடு ஒரு காதம் என்பது பழைய வாய்பாடு. மனிதன் குரலெடுத்துக் கூவினால் எவ்வளவு தூரத்திற் கேட்குமோ அதுவே அவனுக்கு உதவி கிடைக்கும் எல்லை. வயல்வாடியில் இருந்தவன் அடுத்த வாடிக்குக் கூவினான். யானைக் காவற் பரணில் இருந்தவன் வெடி கொளுத்தினான். சாவுச் சேதியைப் பறை சொல்லிற்று. திருவிழாச் சேதியைக் கோயில் மணி சொல்லிற்று. வேளாண்மைச் சேதியை வட்டை விதானை ஆளனுப்பிச் சொன்னார். இவையெல்லாம் கூப்பிடு தூரத்தை ஒன்றிரண்டு மடங்கு நீட்டினவேயன்றி வாவியைக் கடக்கவில்லை.

மாரி இரவிலே வயலில் ஒருவனைப் பாம்பு தீண்டியது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய இரவைக் கண்டறியாத குடும்பம் படுவான்கரையில் அரிது. அவனைத் தோளிற் சுமந்து துறைக்கு வருவார்கள். வள்ளம் அக்கரையில் நிற்கும். பந்தத்தைச் சுழற்றிக் காட்டுவார்கள், கூவுவார்கள். மழையின் இரைச்சலில் ஓடக்காரன் விழித்துக்கொண்டால் அது தெய்வச் செயல். விழிக்காவிடின் அதுவும் விதி என்று மனத்தைத் தேற்றினார்கள். விதி என்று யாம் சொன்னவற்றுள் எத்தனை, ஒரு குரல் எட்டாமையால் நேர்ந்தவை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

புறாவும் தந்தியும்

தூது எமக்குப் புதியதன்று. அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூது விட்ட புலவர் பரம்பரை எம்முடையது. சொல்லின் செல்வனாகிய அனுமன் கடல் தாண்டித் தூது வந்த நாடும் இலங்கையே. புலவர் கற்பனையிலன்றி உண்மையாகவே பறவைகள் தூது சென்ற காலமும் இந்நாட்டில் இருந்தது. 1850 ஆம் ஆண்டு தொடக்கம் கொழும்பின் 'ஒப்சேவர்' பத்திரிகை, காலித் துறைமுகத்தில் வந்திறங்கும் ஐரோப்பியச் செய்திகளைப் புறாக்களின் மூலம் கொழும்புக்கு வருவித்தது. 1858 இற் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி ஓடியதும் புறாக்கள் ஓய்வு பெற்றன.

1876 இல் அமெரிக்காவில் அலெக்சாந்தர் கிரகம் பெல் தொலைபேசியிற் குரலைச் செலுத்திக் காட்டினார். அந்த நூற்றாண்டு முடியுமுன்னரே கொழும்பிலும் தொலைபேசி மணி ஒலித்தது. ஆயினும் கம்பி எப்பொழுதும் பணத்தையும் அதிகாரத்தையும் பின்பற்றியே சென்றது. துறைமுகம், கச்சேரி, தோட்டம், புகையிரத நிலையம் என்பனவே அதன் தங்குமிடங்கள். 1928 இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. புகையிரதம் ஓட வேண்டுமாயின் நிலையத்துக்கு நிலையம் சேதி போக வேண்டும். ஆகவே தண்டவாளத்தோடு கம்பியும் கூட வந்தது. ஆனால் அக்கம்பியும் வாவியின் மேற்கு வயல்வெளிகளுட் செல்லவில்லை.

கிராமத்தானுக்குத் தந்தியும் தொலைபேசியும் தபாற் கந்தோரிலேதான் கிடைத்தன. தொலைபேசியிற் பேச விரும்பியவர் முன்கூட்டியே பதிவு செய்து, வாங்கிலமர்ந்து, இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். கிடைத்தபின் கந்தோரில் உள்ளார் அனைவருக்கும் கேட்குமாறு தம் வீட்டுத் துன்பத்தைச் சத்தமிட்டுச் சொல்ல வேண்டும். தந்திச் சேவகன் வாசலில் வந்து நின்றாலே பெண்கள் அழத் தொடங்கினர். ஏனெனிற் சாவுச் செய்தியன்றி வேறெதற்கும் ஏழை வீட்டுக்குத் தந்தி வருவதில்லை.

1980 இல் தபாற் பகுதியினின்றும் தொலைத்தொடர்புத் திணைக்களம் பிரிக்கப்பட்டது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் பின் அத்திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று; 1996 இற் கம்பனியாயிற்று. மட்டக்களப்புக்குரிய 065 என்ற இலக்கம் நகர வீடுகளின் கதவுகளிலும் கடைப் பலகைகளிலும் இடம்பெற்றது. படுவான்கரைக்கோ அது வெறும் இலக்கமாகவே இருந்தது.

கம்பி அறுந்த காலங்கள்

வந்த கம்பியும் நிலைத்ததில்லை. 1957 டிசம்பரிற் பெருவெள்ளம் வந்தது. 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு எமது மாவட்டத்தைத் தாக்கிய சூறாவளியை முதியோர் இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூர்வர். தென்னந்தோட்டங்கள் ஓரிரவில் தரையோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, மரங்களோடு கம்பங்களும் வீழ்ந்தன. எங்கே யார் உயிரோடிருக்கிறார் என்று அறியவே நாட்கள் சென்றன.

அதன்பின் வந்தது நீண்ட யுத்தம். படுவான்கரையின் பெரும்பகுதி நெடுங்காலம் அரசின் நிருவாகத்துக்கு அப்பாற்பட்டிருந்தது. 2007 இலேயே அந்நிலை மாறியது. நகர்ப்புறங்களிற் கம்பி இழுக்கப்பட்ட அந்த ஆண்டுகளில் எங்கள் மேற்குக் கரைக்குக் கம்பம் கூட வரவில்லை. நகரத்திலே 'கொமியூனிகேசன்' என்று எழுதிய சிறு கடைகள் தோன்றின. வெளிநாட்டில் உள்ள மகன் இன்ன நாளில், இன்ன நேரத்தில் அழைப்பான் என்று கடிதம் வரும். தாய் அதிகாலையிற் புறப்பட்டு, துறை தாண்டி, சோதனை தாண்டி, அக்கடையில் வந்து அமர்வாள். இணைப்பு வந்தால் இரண்டு நிமிடம் பேச்சு, ஒரு நிமிடம் அழுகை. வராவிட்டால் வந்த வழியே மீளுவாள். மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்ற எம் சகோதரிகள் தம் பிள்ளைகளின் குரலைக் கேட்டதும் இவ்வாறே.

கம்பியில்லாக் கம்பி

இனி, கம்பி போகாத ஊருக்குக் குரலைக் கொண்டு செல்ல விஞ்ஞானிகள் கண்ட வழிகளைப் பார்ப்போம்.

இந்தியாவிலே 1984 இல் தொடங்கப்பட்ட சி-டொற் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில், சாம் பிற்றோடாவின் வழிகாட்டலில், கிராமங்களுக்கென்றே ஒரு சிறு தொலைபேசி நிலையம் வடிவமைக்கப்பட்டது. மேனாட்டுப் பெரிய யந்திரங்கள் குளிரூட்டிய அறையைக் கேட்டன. இதுவோ வெயிலையும் தூசியையும் தாங்கி 128 இணைப்புகளை நடத்தியது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் 'கோர்டெக்ட்' என்ற அமைப்பை ஆக்கினர். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடுவரையுள்ள கடைசித் தூரத்துக்குச் செப்புக் கம்பிக்குப் பதிலாக வானொலி அலையைப் பயன்படுத்தியதே அதன் சிறப்பு. தடையின்றி நேரே தெரியும் இடமாயின் 10 கிலோமீற்றர் வரையும், இடையில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீற்றர் வரையும் அது குரலைக் கொண்டு சென்றது.

இலங்கையிலும் 1996 இல் இவ்வகைச் சேவைக்கு இரு கம்பனிகள் அனுமதி பெற்றன. 2005 அளவிற் சி.டி.எம்.ஏ. என்னும் முறையில் அமைந்த வீட்டுத் தொலைபேசிகள் பரவின. பார்வைக்குச் சாதாரண மேசைத் தொலைபேசி போலவே இருக்கும். கம்பி மாத்திரம் இராது. முதுகில் ஒரு சிறு கொம்பு இருக்கும். எமது கிராமங்கள் பலவற்றிற்கு முதன்முதல் வந்த தொலைபேசி இதுவே. ஒரு வீட்டில் இருந்தால் அந்தத் தெருவுக்கே அது சொந்தம். "பிள்ளை, உங்களுக்குக் கோல் வந்திருக்கு, ஓடி வாங்கோ!" என்று வேலிக்கு மேலாற் குரல் வரும். கூப்பிடு தூரமும் தொலைபேசியும் கைகோத்து நடந்த இனிய காலம் அது. பின்னர் அவ்வமைப்புகள் படிப்படியாக ஓய்வுபெற, நான்காம் தலைமுறை அலை அவற்றின் இடத்தைப் பிடித்தது.

ஒரு குரல் காத்த ஊர்

2004 டிசம்பர் 26 ஆம் நாளை எவ்வாறு மறப்போம்? நாவலடியும் கல்லடியும் கரையோரம் முழுவதும் அன்று பட்ட பாட்டை எழுதக் கை நடுங்குகின்றது. அன்று காலை புதுச்சேரிக் கரையில் நடந்த ஒரு சம்பவத்தை எம் வாலிபர் அறிதல் வேண்டும். அங்கு நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம் உண்டு. டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இலிருந்து புதுச்சேரிக் கிராமங்களில் 'அறிவு மையங்கள்' அமைத்து வந்தது. கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் வாசித்து மீனவருக்கு அறிவிப்பது அவற்றின் பணிகளுள் ஒன்று. அன்று சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். சேதி அறிந்தவர்கள் அறிவு மையத்துக்கு ஓடி, கதவைத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். ஊரார் மேட்டு நிலத்துக்கு ஓடினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன; மக்கள் பிழைத்தனர்.

இங்கு ஊரைக் காத்தது எது? தொலைபேசி மட்டுமா? அன்று. ஒலிபெருக்கி மட்டுமா? அதுவும் அன்று. தூரத்துச் சேதியை ஊருக்குக் கொண்டுவர ஒரு தொலைபேசியும், வந்த சேதியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு செல்ல ஓர் ஒலிபெருக்கியும், அதைச் செய்ய வேண்டுமென்ற உணர்வுடைய சில மனிதரும் ஒருங்கே இருந்தமையே காரணம்.

எமது நாட்டிலும் 2005 இன் பின் இவ்வழியில் ஒரு முயற்சி நடைபெற்றது. லேர்ன் ஏசியா என்ற ஆராய்ச்சி நிறுவனமும் சர்வோதய இயக்கமும் சேர்ந்து, ஆழிப்பேரலை தாக்கிய கரையோரங்களில் 32 கிராமங்களைத் தெரிந்தெடுத்து, செய்மதி வானொலி, கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி, கையடக்கத் தொலைபேசி முதலியவற்றை வைத்து எச்சரிக்கைச் சேதி எதன்மூலம் நம்பத்தக்க வகையிற் சேரும் என்று சோதித்தன. ஒரே கருவியை நம்பியிருத்தல் ஆகாது. ஒன்று தவறின் மற்றொன்று உதவ வேண்டும் என்பதே இத்தகைய முயற்சிகளால் யாம் பெறும் படிப்பினை.

கோபுர தரிசனம்

1989 இல் இலங்கையிற் கையடக்கத் தொலைபேசி தொடங்கியது. முதலிற் செல்வர் கையில் இருந்தது. இன்று மீன் விற்பவர் மடியிலும் மாடு மேய்ப்பவர் மடியிலும் உள்ளது. ஆயினும் கருவி கையில் இருப்பது வேறு, சிக்னல் கிடைப்பது வேறு. காடு தொட்ட எல்லைப்புறத்திலும், மேட்டுக்கு மறைந்த பள்ளத்திலும், அடர்ந்த மரச்சோலைக்குள்ளும் உள்ள வீடுகளில் அக்கருவி வெறும் மணிக்கூடாகவும் கைவிளக்காகவுமே பயன்படுகின்றது.

இதன் காரணத்தை எளிதிற் கூறுவோம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பர் எம் பெரியோர். கோயிலுக்குப் போக இயலாதவன் தூரத்தே கோபுரத்தைக் கண்டு கைகூப்பினாலும் அருள் கிட்டும். தொலைபேசிக் கோபுரத்தின் அருளும் இத்தகையதே. அதன் உச்சி உமது வீட்டிலிருந்து தடையின்றித் தெரியுமாயின் அலை வந்து சேரும். பூமி உருண்டை வடிவினது. ஆகையால் உயரம் கூடக் கூடத் தொடுவானம் அகலும். 60 மீற்றர் உயரக் கோபுரத்தின் உச்சிக்குத் தொடுவானம் ஏறக்குறைய 27 கிலோமீற்றர். 10 மீற்றர் உயரக் கம்பத்துக்கு ஏறக்குறைய 11 கிலோமீற்றர். இடையில் மரமும் மேடும் இல்லையெனில் இவ்விரண்டும் ஒன்றையொன்று 38 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் காணும். ஆனால் காடு நடுவே நின்றால் மூன்று கிலோமீற்றரும் எட்டாமற் போகலாம். தாழ்ந்த அலைவரிசை மரங்களை ஓரளவு ஊடுருவும். உயர்ந்த அலைவரிசை விரைவிற் சோர்ந்துவிடும். வாவியின் நீர்ப்பரப்பு வெட்டவெளியாதலால் எழுவான்கரைக் கோபுரத்தின் அலை நீரைக் கடந்து படுவான்கரையின் ஓரத்து வீடுகளுக்கு எளிதில் வரும். அதே ஊரின் உட்புறத்து வீட்டிற்கு வராது. ஒரே கிராமத்தில் ஒரு வீட்டான் பேச, மற்றவன் பேச முடியாதிருப்பதன் மருமம் இதுவே.

2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இக்குறை நாடு முழுவதும் வெளிப்பட்டது. பதுளை மாவட்டத்தின் பொகிட்டியாவ என்ற கிராமத்து மாணவர் பாடம் கேட்பதற்காகக் காட்டு வழியே நடந்து மேட்டில் ஏறிய செய்தியை உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 'கமட்ட சன்னிவேதனய' என்ற திட்டத்தின்கீழ்ச் சிக்னல் இல்லாத கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்க முற்பட்டதும் அக்காலத்திலேயே. கோபுரம் வரும்வரை காத்திருப்பதா, அன்றி வேறு வழியுண்டா?

வீட்டுக்கு உள்ள வழிகள்

வழிகள் உண்டு. அவற்றின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, பழைய செப்புக் கம்பித் தொலைபேசி. இதற்கு வீட்டில் மின்சாரம் வேண்டியதில்லை. தொலைபேசி நிலையத்தின் மின்கலமே கம்பி வழியாக அதற்கு உயிரூட்டும். புயலிரவில் மின்சாரம் போனாலும் கம்பி அறாதவரை அது பேசும். கம்பி முன்னரே வந்த இடத்தில் அதனை அவசரப்பட்டுக் கைவிடுதல் புத்தியன்று. கம்பி வராத இடத்துக்குப் புதிதாக வருவித்தலோ இன்று அரிது. இப்பொழுது இழுக்கப்படுவது கண்ணாடி இழை. அது மிகத் திறமையானது. ஆயின் வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். ஆகவே அதனோடு ஒரு சிறு மின்கலத்தையும் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, கம்பியில்லா வீட்டு இணைப்பு. கையிலுள்ள கருவிக்குச் சிக்னல் இல்லையென்றவுடன் அந்த வீட்டுக்கே சிக்னல் இல்லை என்று முடிவு செய்தல் தவறு. கூரைக்கு மேலே ஒரு குழாய்க் கம்பம் நாட்டி, கோபுரத் திசைநோக்கி ஒரு வெளி அன்ரெனாவைப் பொருத்தி, அதனை வீட்டுக்குள் வைத்த பெட்டியோடு தொடுத்தாற் பல இடங்களில் அலை கிடைக்கும். முன்னர் தொலைக்காட்சிக்காக யாம் கம்பம் நட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே, அதே வித்தைதான்.

மூன்றாவது, இணைய இணைப்பு எவ்வழியிலேனும் வீட்டுக்கு வந்துவிட்டால், கையடக்கத் தொலைபேசியே அவ்விணைப்பின் வழியாகப் பேசும் முறை. கோபுரச் சிக்னல் இல்லாத வீட்டிலும் வழக்கமான இலக்கத்திலேயே அழைப்பு வரும், போகும். கருவியும் கம்பனியும் அவ்வசதியை அளித்தல் மாத்திரம் வேண்டும்.

நான்காவது, செய்மதி. இதற்கும் எமது மாகாணத்துக்கும் ஓர் உறவுண்டு. பூமியின் சுழற்சியோடு ஒத்து, ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோலச் சுற்றும் செய்மதிகளாற் செய்தி அஞ்சல் செய்யலாம் என்று 1945 இல் எழுதியவர் ஆதர் சி. கிளாக். 1956 இல் இலங்கையில் வந்து குடியேறி, 2008 இல் இங்கேயே மறைந்த அப்பெரியார், தம் நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலைக் கடலில் மூழ்கித் திருக்கோணேச்சரப் பழங்கோயிலின் சிதைவுகளைக் கண்டவருமாவார். வானத்தை நோக்கியவரே கடலடியிற் கோயிலையும் கண்டார்! இன்று 550 கிலோமீற்றர் அளவிற் பறக்கும் சிறு செய்மதிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றை நடத்தும் ஸ்ரார்லிங் சேவை 2025 ஜூலையில் இலங்கையிலும் தொடங்கியது. வானம் தெரிந்தாற் போதும், கோபுரம் வேண்டியதில்லை. ஆனால் அதன் செலவு ஏழைக் கமக்காரன் ஒருவனின் தனிப் பைக்கு ஏற்றதன்று. ஆகவே அது ஊர்ப் பொதுவுக்கு உரிய வழியாகும்.

கூடிச் செய்த ஊர்கள்

ஊர்ப் பொது என்றவுடன் அமெரிக்கக் கமக்காரர் கதை நினைவுக்கு வருகின்றது. பெல்லின் உரிமைக் காலம் முடிந்தபின், 1890களின் இறுதியில், கம்பனிகள் எட்டிப் பாராத பண்ணைகளில் வாழ்ந்தோர் தாமே கூட்டுச் சங்கங்கள் அமைத்தனர். கம்பம் நடப் பணமில்லாதோர் வயல் வேலியின் முட்கம்பியையே தொலைபேசிக் கம்பியாக்கினர். ஒரே கம்பியிற் பல வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் மணியடிக்கும் முறை வேறு. 1949 இலேயே அந்நாட்டு அரசு கிராமத் தொலைபேசிக்குக் கடன் கொடுக்கச் சட்டம் செய்தது. மக்கள் முந்தினர், அரசு பின்வந்தது.

1997 இல் வங்காளதேசத்திலே கிராமீன் வங்கியின் கடன் பெற்ற ஏழைப் பெண்கள் ஒரு கையடக்கத் தொலைபேசியை வாங்கி, ஊராருக்கு அழைப்புக்குக் காசு பெற்றுக் கொடுத்து, தாமும் வாழ்ந்து ஊரையும் வாழ்வித்தனர். எமது நாட்டிலேயே அனுராதபுரம் மாவட்டத்து மகாவிலச்சிய என்னும் காட்டுக் கிராமம் 2006 இல் வீடுகளை வலையாகப் பிணைத்துக் கம்பியில்லா இணையம் பெற்றது. அவர்கட்கு முடிந்தது எமக்கு முடியாதா?

வாலிபர் செய்யத் தக்கவை

நிற்க. வெறும் வரலாறு சொல்லி முடிப்பது எமது சங்கத்துக்கு அழகன்று. 2016 இல் மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கிப் பின் நாடெங்கும் பரவிய சுவசெரிய இலவச நோயாளர் ஊர்தி, 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117 என்ற இலக்கத்திற் பதில் சொல்லும். இவை பெருந்தொண்டுகள். ஆனால் அழைக்க இயலாத வீட்டுக்கு இவ்விரண்டும் இல்லாதவையே. முன்னர் வள்ளம் அக்கரையில் நின்றது. இன்று ஊர்தி அக்கரையில் நிற்கின்றது. பந்தம் சுழற்றிய கை மாத்திரம் அதே கை.

ஆகவே சில பணிகளை எம் வாலிபர் முன் வைக்கின்றோம். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி ஆகிய மூன்று பிரதேசங்களிலும் சிக்னல் எட்டாத வீடுகளை நடந்து சென்று கணக்கெடுங்கள். நிலத்தில் நின்றும், கம்பத்தின் உயரத்திற் கருவியை ஏற்றியும், எந்தத் திசையில் அலை கிடைக்கின்றதென்று குறித்துக்கொள்ளுங்கள். அன்ரெனாவாற் தீரும் வீடுகள் எவை, கோபுரமின்றித் தீராத வீடுகள் எவை என்று பிரித்து, அந்தக் கணக்கோடு அதிகாரிகளிடம் செல்லுங்கள். "எங்களூருக்குச் சிக்னல் இல்லை" என்ற முறைப்பாட்டைவிட, வீட்டு எண்ணிக்கையோடும் வரைபடத்தோடும் கூடிய ஒரு தாள் பலமுடையது.

இறுதியாக ஒன்று. எந்த எல்லைக் கிராமத்திலும் ஒரு கோயில் இருக்கும். அக்கோயில் மண்டபத்திலோ, கிராமப் பொது மண்டபத்திலோ, எவ்வழியிலேனும் ஒரு பொதுத் தொலைபேசி இருக்கட்டும். சூரிய ஒளியில் ஏறும் மின்கலம் ஒன்று அதற்குத் துணையாகட்டும். திருவிழாவுக்கு வைத்திருக்கும் ஒலிபெருக்கி அதனருகே ஆயத்தமாக நிற்கட்டும். திறப்பு எங்கே இருக்கின்றதென்று ஊரில் அனைவரும் அறிந்திருக்கட்டும். எம்மதத்தாராயினும், எந்நேரமாயினும், கதவு தட்டுவோருக்கு அது திறக்கட்டும். நல்லவாடு கற்பித்த பாடம் இதுவே; அதற்கு ஆகும் செலவும் ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவுக்கு மிஞ்சாது.

கூப்பிடு தூரம் என்பது எம் முன்னோருக்கு இயற்கை விதித்த எல்லை. இன்று அந்த எல்லையை விதிப்பது இயற்கையன்று, எமது அசிரத்தையே. வாவியின் அடியிற் பாடும் மீனின் மெல்லிசையைத் துடுப்பிற் காது வைத்துக் கேட்ட மக்கள் நாம். அக்கரையில் மனிதன் கூவும் குரலைக் கேளாதிருத்தல் எமக்குத் தகுமா?

படுவான்கரையின் கடைசி வீட்டிலும் ஒரு குரல் ஒலிக்க, அதற்கு மறுகுரல் உடனே வர, எம் வாலிபர் உழைப்பார்களாக. தான்தோன்றீசுவரப் பெருமானின் திருவருள் அம்முயற்சிக்கு முன்னிற்பதாக.